வாய்ப் பயிற்சிக்கு முன்னால் மூக்கைப் பாருங்கள்

தூங்கும்போது வாய் திறந்தே இருக்கிறது, முன்பற்கள் தூக்கிக்கொண்டு வருகின்றன என்று மகனைத் தருமபுரியில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். "நாக்கு பல்லைத் தள்ளுது, ராத்திரி இதைப் போட்டுத் தூங்க வைங்க" என்று வாய்க்குள் பல்லில் மாட்டும் சிலிக்கான் ட்ரெய்னர் ஒன்றைக் கொடுத்தார்கள். மூக்கால் மூச்சு விட முடிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூக்கு அடைத்திருக்கும் பிள்ளையின் வாயையும் அடைத்தால் அவன் என்னதான் செய்வான்? நடுராத்திரியில் திணறி எழுந்து துப்பினான். திரும்பப் போய்ச் சொன்னால், "பழகிடும், உதட்டுல டேப் ஒட்டுங்க" என்றார் உதவியாளர். நான் ஒட்டவில்லை. தயவுசெய்து நீங்களும் ஒட்டாதீர்கள். என்ன பார்த்தார்கள் என்று ஒரு சீட்டுகூட எழுதித் தராததால், அடுத்த இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்துப் பார்த்த ஸ்பீச் தெரபிஸ்ட், "முதல்ல ஈ.என்.டி. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கம்மா, அப்புறம் பயிற்சி" என்றார். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கம் தெரிந்தது, அலர்ஜியும் இருந்தது. இவனுக்கு மூக்கு ஸ்பிரேயிலேயே அடைப்பு குறைந்தது. சில பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுமாம்.

பயிற்சி எளிதுதான், தினமும் செய்ய வைப்பதுதான் பாடு. 'ன்' என்று சொல்லும்போது நாக்கு நுனி படும் மேட்டில் நாக்கை வைத்து, உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விட வேண்டும். நாக்கை மேலே ஒட்டி 'டொக்' என்று சத்தம் வரும்படி விட வேண்டும். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே நூல் கட்டிய பெரிய பட்டனை வைத்து, நாம் இழுக்க அவன் உதட்டால் பிடிக்க வேண்டும். முடிச்சை இறுக்கிக் கட்டுங்கள், பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் பிள்ளைக்குத் தன் தவறு தானே தெரிகிறது.

தூங்குவதையும் சாப்பிடுவதையும் போனில் வீடியோ எடுத்துப் போங்கள். களியை விழுங்கும்போது இவன் நாக்கு வெளியே வருவதைத் தெரபிஸ்ட் அதில்தான் கண்டுபிடித்தார். பேச்சும் தெளிவில்லை என்றால், பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. குழுவிடம் சொல்லுங்கள். 18 வயது வரை அரசின் இலவசத் திட்டம் அது.

போன வாரம் உதட்டை மூடிக்கொண்டே ஒரு தோசையை மென்று முடித்தான்! பல்லுக்கு உடனே கம்பி கட்டலாம் என்று அந்த கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். நாக்கு தள்ளுவது நிற்காமல் கம்பி கட்டினால் பல் மறுபடி விலகக்கூடும் என்பதால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.