கேலிக்கும் முறை உண்டு

எங்கள் ஊர்ப் பக்கம் கேலி பேசுவதற்கு முறை வேண்டும். மாமன், மச்சான், மதினி, கொழுந்தன் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி மச்சினன் பேசினால் பந்தியே சிரிக்கும். அதையே பெண்ணின் சித்தப்பா பேசினால் சண்டை. வங்கி வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆபீஸில் முறை ஏது, எல்லோரும் சார்தானே என்று நினைத்திருந்தேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிளை ஒன்றில் எங்கள் ஹெட் கேஷியர் இதில் கெட்டிக்காரர். புதிதாக ஒருவர் கவுண்டருக்கு வந்தால் "வாங்க மாப்ளே" என்பார். அவர் "சொல்லுங்க மாமா" என்று திருப்பிவிட்டால் அன்றையிலிருந்து லந்துதான். "வணக்கம் சார்" என்று பதில் வந்தால் இவரும் சாருக்கு மாறிவிடுவார். மேனேஜரைக்கூட விடமாட்டார். ஆனால் கூட்டிப் பெருக்க தினக்கூலிக்கு வந்த அம்மாவிடம் ஒரு நாளும் வாயைக் கொடுத்ததில்லை. ஏனென்று கேட்டேன். "அது திருப்பி நம்மள ஏதாச்சும் சொல்ல முடியுமா? முடியாதுல்ல. அப்புறம் அது என்னடா கேலி?" என்றார்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் வங்கிகள் மூடியிருந்தன. 10ஆம் தேதி கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டி நின்றது. ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் கணக்கில்தான் போட வேண்டும். சனி, ஞாயிறும் வேலை. சாப்பாட்டு டப்பாவை மாலை நான்கு மணிக்குத் திறந்த நாட்கள் அவை. அந்த நெரிசலிலும் ஹெட் கேஷியரின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். புது 2,000 ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு எவன் மாமா சில்லறை குடுப்பான்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "மாத்தவா குடுத்தேன்? பிரேம் போட்டு மாட்டுங்க மாப்ளே" என்றார் இவர். மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அன்றைக்குக் கண்ணாடி உடைந்திருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன்.

நானும் அதே மாதிரி பேச ஆசைப்பட்டேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்தார். மஞ்சள் பைக்குள் முந்தானைத் துணி, துணிக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட 500 ரூபாய் நோட்டுகள். நோட்டில் அரிசி வாடை அடித்தது. சிறுவாட்டுப் பணம். எண்ணி முடித்து, "அடேங்கப்பா மதினி, முப்பத்தெட்டாயிரமா! அண்ணனுக்குத் தெரியுமா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

அண்ணன் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. நான் வாயடைத்து உட்கார்ந்திருக்க, பக்கத்துக் கவுண்டரிலிருந்து ஹெட் கேஷியர் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, குடுத்து வச்ச ஆளுய்யா நீங்க. அவசரத்துக்கு வட்டிக்காரன்கிட்ட நிக்க வேண்டியதில்ல, வீட்டுக்குள்ளயே ஒரு பிராஞ்ச் நடந்திருக்கு" என்றார். வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். கணவரும் சிரித்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் என்ன நடந்ததோ, அது எனக்குத் தெரியாது. பல வருடம் அரிசிப் பானைக்குள் ஒளிந்திருந்த ஒன்றை நாலு பேர் நடுவில் கொட்டியது நான்தான். மதினி என்று கூப்பிட்டேனே தவிர, அந்த முறையை அவர் எனக்குத் தரவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் கணக்கு முடித்த பிறகு ஹெட் கேஷியர் என்னைத் திட்டவில்லை. "தொகையை மனசுக்குள்ள எண்ணுப்பா" என்றதோடு சரி.

மறு வருடம் பொங்கல் கழிந்து அந்தப் பெண் தனியாக வந்தார். ஹெட் கேஷியர் கவுண்டர் காலியாக இருந்தும் என் கவுண்டருக்கே வந்து, பணம் எடுக்கும் சீட்டை நீட்டினார். எனக்குக் கை நடுங்கியது. நோட்டுகளை எடுத்து எண்ணத் தொடங்கினேன்.

"கொழுந்தனாரே, மெதுவா எண்ணுங்க. தெருவுக்கே கேக்கப் போகுது" என்றார்.