பூட்டான் பயணம்: வழிகாட்டியைவிடச் சோதித்தது பிறப்புச் சான்றிதழ்

பூட்டானுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள், விமானச் சீட்டைத் தேடுவதற்கு முன்னால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எங்கள் மகளுடைய சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும்தான் இருந்தது. மருத்துவமனை வழியாகப் பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட சான்றிதழ்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன.

இந்தியர்களுக்கு அங்கே விசா கிடையாது, நுழைவு அனுமதி போதும். ஆனால் அதற்குப் பெரியவர்கள் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ காட்ட வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆதார் செல்லாது. எங்கள் ஊர்ச் சுற்றுலா முகவரோ, "ஆதார் போதும் மேடம், பூட்டான் நம்ம நாடு மாதிரிதான்" என்று அடித்துச் சொன்னார்.

பிறந்து 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திப் பெயர் சேர்க்க வழி உண்டு என்பதால் நகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் முதலில் மருத்துவமனைக் கடிதம் கேட்டார். அதை அலைந்து வாங்கிக்கொண்டு போனபோது, அது தேவையில்லை, பள்ளியிலிருந்து சான்று வேண்டும் என்றார். அதுவும் வந்த பிறகு, கணினியில் பதிவேற்றும் ஆபரேட்டர் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். கடைசியில் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று அவருக்கும் ஆபரேட்டருக்கும் ஒரு விவாதம் நடந்தது. நான் மேசையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பள்ளிச் சான்றில் உள்ளபடியே எழுத்து மாறாமல் போடுங்கள் என்று மன்றாடிக்கொண்டிருந்தேன். ஒருமுறை ஏறிய பெயரைத் திருத்துவது அதைவிடப் பெரிய பாடு என்பதால், அச்சிடுவதற்கு முன் திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிடுவது நல்லது. விமானச் சீட்டு 'குடும்பப் பெயர்' கேட்கும். அங்கே இனிஷியலின் விரிவைத் தந்து, அனுமதி விண்ணப்பத்திலும் அதே வரிசையில் எழுதினால் பின்னால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்தது பணக் கணக்கு. சுற்றுலாப் பயணிகளிடம் பூட்டான் அரசு வாங்கும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம், பெரும்பாலான வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 100 டாலர், இந்தியர்களுக்குத் தலைக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி. 6 வயதுக்குக் கீழே இல்லை. எங்கள் முகவரின் கொட்டேஷனில் "எல்லாம் அடக்கம்" என்று தடித்த எழுத்தில் இருந்ததே தவிர, இந்தக் கட்டணம் அதில் இல்லை. கேட்ட பிறகு சேர்த்தவர், 14 வயதான என் நாத்தனார் மகனையும் குழந்தைக் கணக்கில் போட்டுக் குறைத்துக் காட்டியிருந்தார். நானும் கணவரும் மாமியாரும் அவனுமாக நால்வருக்கு 4,800, ஒன்பது வயது மகளுக்கு 600, நான்கு வயது மகனுக்கு ஒன்றுமில்லை. ஆக ஓர் இரவுக்கு 5,400 ரூபாய். விடுதி, வண்டி, சாப்பாடு எல்லாம் அதற்கு மேல்தான்.

வழிகாட்டி விஷயத்தில்தான் முகவருடன் முறித்துக்கொள்ள நேர்ந்தது. பாரோ, திம்பு இரண்டையும் தாண்டிப் போக உரிமம் பெற்ற வழிகாட்டி உடனிருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் திட்டத்தில் புனாக்கா இருந்தது. "டிரைவரே பார்த்துக்கொள்வார்" என்ற பதிலைக் கேட்டதும், வழிகாட்டியின் உரிம எண்ணை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். வரவில்லை. முன்பணத்தில் ஒரு பகுதி போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டு, பூட்டானில் உள்ள ஒரு பயண ஏற்பாட்டாளருக்கே நேராக எழுதினோம். அவர்கள் வழிகாட்டியின் பெயரும் உரிம எண்ணும் தந்ததோடு, பெற்றோர் இல்லாமல் வரும் நாத்தனார் மகனுக்கு அவன் பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் கொண்டுவரும்படியும் சொன்னார்கள். இணையவழி அனுமதி அதன் பிறகு எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்தது.

மேற்கு வங்கத்தில் உள்ள பாக்டோக்ரா வரை விமானம், அங்கிருந்து நம் எல்லையூரான ஜெய்காவ் வரை வண்டி. எல்லையைத் தாண்டினால் ஃபுன்ட்ஷோலிங். பூட்டான் நேரம் நம்முடையதைவிட 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஜெய்காவில் கைபேசி இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். மதிய இடைவேளைக்கு முன் போய்விடலாம் என்று எங்களை அழைத்து வந்த ஓட்டுநர் இந்தியக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் போனபோது குடிவரவு அலுவலகத்தில் இடைவேளை தொடங்கிவிட்டிருந்தது. இடைவேளை முடிந்து வந்த அதிகாரி முதலில் கேட்டது அந்தச் சம்மதக் கடிதத்தைத்தான். அதை எடுத்து நீட்டியபோது எனக்கிருந்த பெருமிதத்தை மறைக்க நான் முயலவில்லை.

புனாக்கா போகும் வழியில் ஹொங்ட்ஷோ சோதனைச் சாவடியில் வழிகாட்டியின் அருமை தெரிந்தது. எல்லோருடைய அனுமதித் தாள்களையும் வாங்கிக்கொண்டு இறங்கியவர், மாமியார் சால்வையைச் சரியாகப் போர்த்திக்கொள்வதற்குள் திரும்பி வந்துவிட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியில் வழிகாட்டி இல்லை. அவர்கள் அதிகாரியிடம் வாதிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் 108 ஸ்தூபிகள் நிற்கும் டோச்சுலா கணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம்.

முதியவர்களோடு, மலைமேல் இருக்கும் தக்சங் மடாலயத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரை பாதி வழியில் உள்ள சிற்றுண்டிச்சாலை வரைதான் ஏறும். இறங்கும்போது அதுவும் கிடையாது. மாமியார் அங்கேயே தேநீரோடு அமர்ந்துகொள்ள, நாங்கள் மேலே போனோம். வாசலில் பையையும் கைபேசியையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். முழங்கை, முழங்கால் தெரியும் உடைக்கும் அனுமதியில்லை என்பதை வழிகாட்டி முதல்நாள் இரவே நினைவூட்டியதால், நாத்தனார் மகன் அரைக்கால் சட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.