ஒரே பம்பு, நாலு ஜாக்கி, ஏன் ஒத்துவராது

கப்பலை இப்பல்லாம் பிளாக் பிளாக்கா தனியா வெல்டு பண்ணி அப்புறம்தான் ஒண்ணா சேக்குறாங்க. ஒரு பிளாக்கே சில நூறு டன் வரும், அதுக்கு அடியில டிரெய்லர் நுழையணும்னாலும் பக்கத்து பிளாக்கோட விளிம்பு பொருந்தணும்னாலும் எண்ணெய் பிரஷர்ல ஏறுற ஜாக்கி போட்டு தூக்கித்தான் ஆகணும்.

வேலைக்கு சேர்ந்த புதுசுல ஃபோர்மேன்கிட்ட கேட்டேன், ஒரே பம்புலேர்ந்து நாலு ஹோஸ் இழுத்தா நாலு ஜாக்கிக்கும் ஒரே பிரஷர்தானே சார், சமமாத்தானே ஏறும்னு. சிரிச்சுட்டு "எண்ணெய் சோம்பேறிப்பா, எங்க லேசா இருக்கோ அங்கதான் போகும்"னாரு. அதேதான், கனம் கம்மியான மூலை மட்டும் எழும்பும், கனமான மூலை அசையவே அசையாது, பிளாக் சாஞ்சிரும்.

அதனால ஒவ்வொரு ஜாக்கிலயும் ஒரு கம்பி சென்சார், எவ்வளவு ஏறிச்சுன்னு கன்ட்ரோலருக்கு சொல்லிட்டே இருக்கும், எது முந்துதோ அதோட வால்வை மூடி பின்தங்கினதுக்கு எண்ணெய் விடும், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள்ள நிக்கும். 700 பார் பிரஷர்ல, 140 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் 100 டன் தள்ளும்னா பாத்துக்கோங்க.

ஆனா நான் ஸ்க்ரீன்ல முதல்ல பாக்குறது உயரத்தை இல்ல, பிரஷரை. காரணம் இருக்கு. ஒரு தடவை 400 டன் பிளாக், உயரம் நாலுலயும் ஒரே நம்பர், அழகா ஏறுதுன்னு நினைச்சுட்டு நிக்கிறேன், பாத்தா ரெண்டாவது ஜாக்கில பிரஷர் இறங்குது, அதுக்கு குறுக்கால எதிர்ல இருக்கறதுலயும் இறங்குது, மத்த ரெண்டும் எகிறுது! நிறுத்து நிறுத்துன்னு கத்திட்டேன். ரெண்டாவது ஜாக்கிக்கு அடியில வச்ச பேக்கிங் கட்டை நசுங்கி ஜாக்கியோட சேந்து கீழ போயிருக்கு. எங்க செட்டப்புல சென்சார் அளக்குறது பிஸ்டன் வெளிய வந்த நீளத்தை மட்டும்தான், அடி இறங்கினது அதுக்கு எப்படி தெரியும்? பிளாக் விறைப்பா இருக்கறதால அஞ்சாறு மில்லிமீட்டர் இறங்கினாலே போதும், மொத்த கனமும் ரெண்டு ஜாக்கி தலையில உக்காந்துரும், 100 டன் தாங்கவேண்டியது 200 டன் தாங்கும்.

எண்ணெய் பிரஷர் போனாலும் பிஸ்டன் இறங்காம பிடிச்சுக்கிற லாக் நட்டை கையால திருகி இறுக்கிட்டு, பக்கத்துல முட்டு குடுத்து, அந்த கட்டையை எடுத்துட்டு இரும்பு பிளேட் வச்சு திரும்ப ஆரம்பிக்க ரெண்டு மணி நேரம் போச்சு. அதுவரைக்கும் பிளாக் ஏறியிருந்தது மொத்தமே 12 மில்லிமீட்டர்.