கும்மிடிப்பூண்டி மார்க்கமும் சைக்கிள் ஸ்டாண்டும்

வடசென்னையில் மின்சார ரயிலை நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு ரயில் பயணத்தைவிட, வீட்டிலிருந்து நிலையத்துக்கும், இறங்கும் நிலையத்திலிருந்து வேலையிடத்துக்கும் உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் பெரும்பாடு. புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாக இருக்கும்போது, அந்தச் சிறு தூரத்துக்கு ஷேர் ஆட்டோவில் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. திருவொற்றியூரில் வசித்து, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மார்க்கத்தில் பயணிப்பவன் என்ற முறையில், இதற்குச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் வேறில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

பதினைந்து நிமிடத்தில் ஒருவர் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடப்பார். அதே நேரத்தில் நிதானமாகச் சைக்கிள் மிதித்தாலும் மூன்று கிலோமீட்டர் வந்துவிடலாம். தூரம் மூன்று மடங்கானால், நிலையத்தைச் சுற்றிப் பயன்பெறும் பரப்பு ஒன்பது மடங்காகிறது. புதிதாக ஓர் அடி தண்டவாளம்கூடப் போடாமல் தண்டையார்பேட்டை, விம்கோ நகர், எண்ணூர், மீஞ்சூர் நிலையங்களை இத்தனை பேருக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியும். அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுவதால், பல வீடுகளில் சைக்கிள் ஏற்கெனவே இருக்கிறது. அதை நம்பி விட்டுச்செல்ல இடம்தான் இல்லை.

ரயில் நிலைய வாகன நிறுத்தங்கள் ஏலத்தில் ஒப்பந்ததாரர்களிடம் விடப்படுகின்றன. மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்கும் வாடகை சைக்கிளுக்குக் கிடைக்காது என்பதால், கூரையுள்ள முன்வரிசை மோட்டார் சைக்கிளுக்கும், வெயிலும் மழையும் படும் கடைசி மூலை சைக்கிளுக்கும் போவது அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே சைக்கிள் ஸ்டாண்டை அந்த ஒப்பந்தத்திலிருந்து பிரித்தெடுத்து, நடைமேடையையும் குடிநீர்க் குழாயையும்போல நிலையத்தின் அடிப்படை வசதியாகக் கருத வேண்டும். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் அதைக் காட்டியே சைக்கிளை விட்டுச்செல்ல வழி செய்ய வேண்டும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள்கள் வரை நிறுத்தலாம் என்பதால், இடம் போதாது என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

எப்படிப்பட்ட ஸ்டாண்டு என்பதும் முக்கியம். முன்சக்கரத்தை மட்டும் செருகி வைக்கும் கம்பி வரிசைகளில் வண்டி சாய்ந்தால் சக்கரம் கோணலாகிவிடும். சைக்கிளின் சட்டத்தை (ஃபிரேமை) பூட்டவும் முடியாது. தரையில் ஊன்றிய, தலைகீழான 'ப' வடிவக் குழாய்தான் சிறந்தது. அதன் இருபுறமும் ஒவ்வொரு சைக்கிளைச் சாய்த்து, சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை உப்புக்காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும்; ஆகவே பெயின்ட் அடித்த இரும்பு போதாது, துத்தநாகப் பூச்சுள்ள குழாயும் கூரையும் தேவை. ஸ்டாண்டு பயணச்சீட்டுக் கவுன்ட்டரின் பார்வையில், நல்ல வெளிச்சத்தில் இருந்தால் திருட்டும் குறையும்.

இரவு நிறுத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நகரத்திலிருந்து அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கோ வேலைக்குப் போகிறவருக்குச் சைக்கிள் தேவைப்படுவது இறங்கும் நிலையத்தில். அவர் மாலையில் அங்கே விட்டுவரும் வண்டி மறுநாள் காலையில் அதே இடத்தில் இருக்க வேண்டும். நெதர்லாந்தில் இப்படி இரண்டாவது சைக்கிள் வைத்துக்கொள்வது சாதாரண வழக்கம். 2019இல் முழுமையடைந்த உட்ரெக்ட் நிலையத்தின் நிறுத்தத்தில் 12,500 சைக்கிள்களுக்கு இடமுண்டு, முதல் 24 மணி நேரம் கட்டணமும் இல்லை. அந்த அளவை நான் இங்கே கேட்கவில்லை. முதல் நாள் இலவசம் என்ற அந்த விதியைக் கேட்கிறேன்.

நிலையத்துக்கு வந்துசேரும் வழி இதைவிடக் கடினமானது. துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலைகளில் சைக்கிளோட்டி ஓரத்து மணலில் ஒதுங்கித்தான் செல்ல முடிகிறது. மழை பெய்தால் மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையும் கணேசபுரம் சுரங்கப்பாதையும் நீரில் மூழ்கிவிடுகின்றன. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் செலவிடுவதாக மாநகராட்சி 2014இல் கொள்கை வகுத்தது. ஆனால் ரயில்வே நிலம் முடியும் இடத்தில்தான் மாநகராட்சிச் சாலை தொடங்குகிறது. இரண்டையும் இணைத்துத் திட்டமிடும் பொறுப்பைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா ஏற்க வேண்டும். நடைமேம்பாலப் படிகளின் ஓரத்தில் சைக்கிளை உருட்டிச்செல்ல ஒரு குறுகிய சரிவுத்தடம் அமைப்பது, இவற்றுள் மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை.

ரயில் நிலையங்களை மேம்படுத்தும் அம்ருத் பாரத் திட்டத்தில் பெரம்பூரும் கும்மிடிப்பூண்டியும் சேர்க்கப்பட்டுள்ளன. அந்த நிலையங்களின் வாகன நிறுத்தத்துக்கு அடுத்த ஏலம் விடுவதற்குமுன், சைக்கிளுக்கான இடத்தை வாசலுக்கு அருகிலேயே வரைபடத்தில் குறித்து, ஏல நிபந்தனையிலிருந்து அதை விலக்கிவைக்குமாறு தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.