ஹம்பிள் பிகினிங்ஸ் போடலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு விளம்பர வடிவமைப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டார வியாபாரிகளின் கம்பெனி ப்ரொஃபைலுக்கு ஆங்கிலம் எழுதித் தருவது என் பங்கு. வருகிறவர்களில் பலருக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு: ‘ஃப்ரம் ஹம்பிள் பிகினிங்ஸ்’.

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், "தம்பி, எடுத்தவுடனே ஹம்பிள்னு போட்டுடு. பணிவா இருக்கும்" என்றார்.

"அண்ணே, தாத்தா காலத்துலயே கிடங்கு இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆமா, லாரிகூட இருந்துச்சு."

"அப்புறம் இது எப்படி? ஒண்ணுமில்லாம இருந்து வந்தோம்னு அர்த்தமாயிடும்."

"ஐயையோ, எங்கப்பா பார்த்தா தொலைச்சுடுவாரு. எடுத்துடு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனு எழுதும்போது ‘ஹம்பிள் ரிக்வெஸ்ட்’ என்று எழுதியே நமக்குப் பழக்கம். அங்கே அது பணிவு. இந்தத் தொடரில் அது எளிய நிலை, கைமுதல் இல்லாத நிலை. பிறகு வளர்ந்தோம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. போன மாதம் திறந்த கடைக்கு இதைப் போட்டால் சிரிப்பார்கள். தொடங்கியது ஒரே கடை என்றாலும் ‘பிகினிங்ஸ்’ என்று பன்மையில் எழுதுவதே பெருவழக்கு.

பொருத்தமான ஆள் எங்கள் ஊர்க்காரரே. சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் இந்தியா என்ற ஷாம்பு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் கெவின்கேர் ஆனது அதுதான். அந்த நிறுவனத்துக்கு இந்தத் தொடர் கச்சிதம். ஆனால் அவர் பிறந்த வீட்டுக்கு அதை ஒட்ட வைத்தால் சரியாக வராது. அப்பா சின்னிகிருஷ்ணன் சாஷே, அதாவது சிறு பாக்கெட் வியாபாரத்தில் முன்னோடி. தொழிலின் தொடக்கம் வேறு, ஆளின் பிறப்பு வேறு. எழுதுகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் எனக்கு எரிச்சல்.

யார் சொல்வது என்பதும் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் மசாலாப் பொடி அரைக்கும் அம்மா ஒருவர். மகன் எழுதிக் கொண்டுவந்த தாளில் அவரைப் பற்றி இதே வரி. அர்த்தம் கேட்டார், சொன்னேன்.

"அதை நான் சொல்லிக்குவேன் தம்பி, இவன் எதுக்குச் சொல்றான்?" என்றவர், மகன் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார்: "தையல் மிஷினை அடகு வச்சு மொளகா வாங்குனேன்னு போடுங்க. மூட்டையை நானே சைக்கிள்ல தள்ளிக்கிட்டு வந்தேன், அதையும் போடுங்க."

இரண்டையும் போட்டேன். மகனுக்குத் திருப்தியில்லை, ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கலாமே என்றார். அம்மா அட்வான்ஸை எடுத்து மேஜையில் வைத்தார்.