சத்துமாவுக் கஞ்சியும் சுகர் மாத்திரையும்: ஏஆர்டி எடுப்பவரின் தட்டு

ஏஆர்டி எனப்படும் எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய நாளிலேயே காதில் விழுவது, "நல்லா சாப்பிடுங்க, எடை குறையக் கூடாது." சத்துமாவுக் கஞ்சி, பேரீச்சை, தேன், பாலில் கலக்கும் பொடி என்று அந்தப் பேச்சு பத்து வருடமாக அடுப்படியில் குடியிருக்கும். பிறகு ஒருநாள் வெறும் வயிற்றுச் சுகர் 126-ஐத் தாண்டும். இப்போது "குறைச்சுச் சாப்பிடுங்க" என்பார்கள். இரண்டையும் ஒரே தட்டில் எப்படி வைப்பது என்பதுதான் சிக்கல்.

அரிசியைத் தொடும் முன் எடையைப் பாருங்கள். எடை கூடி இடுப்பு பெருத்தவர் சாப்பாட்டின் மொத்த அளவைக் குறைக்கலாம். எடை சரிந்துகொண்டே வருபவர் குறைக்கவே கூடாது. இருமல், இரவுக் காய்ச்சல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை முதலில். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உள்ள மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மளமளவென எடை இறக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் உணவுக் கட்டுப்பாட்டைப் பரீட்சித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏஆர்டி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். ஜிடோவுடின், அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துகளை எடுப்பவர்களுக்கு அது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்த அளவுகளே கை கொடுக்கும்.

தட்டில் முதல் வெட்டு குடிப்பவற்றுக்கு. நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே 32 முதல் 40 கிராம் சர்க்கரை. அடுத்தது கஞ்சி. தானியத்தை நைஸாக அரைத்து, கொதிக்கவைத்து, வெல்லம் போட்டுக் குடித்தால் சுகர் விறுவிறுவென ஏறும். அது கேழ்வரகாக இருந்தாலும் அப்படித்தான். அதே இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ, இரண்டு இட்லியோடு கெட்டிச் சாம்பாரும் ஒரு முட்டையுமோ நிற்கும். மதியம் வெந்த சோறு 150 கிராம், அதாவது சுமார் 40 கிராம் மாவுச்சத்து. தட்டில் பாதி காய், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு. "சப்பாத்திக்கு மாறியும் இறங்கல" என்பவரின் தட்டில் பெரும்பாலும் நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் இருக்கும்.

ஒல்லியாக இருப்பவருக்குச் சோற்றில் குறைத்ததை வேறு வழியில் திருப்பித் தர வேண்டும். 30 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 170 கலோரி, 7 கிராம் புரதம். தயிர், முட்டையும் உதவும். முளைகட்டிய பயறு நல்லதுதான், ஆனால் பச்சையாக வேண்டாம். சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைவாக உள்ளவருக்கு அதிலிருக்கும் கிருமி வயிற்றைக் கெடுத்துவிடும். ஆவியில் வேகவைத்துச் சாப்பிடலாம்.

சிலர் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். அட்டாசனாவிர் உணவோடு போக வேண்டிய எச்.ஐ.வி. மருந்து. வெறும் வயிற்றில் அது சரியாக ஏறாது. கால்சியம், இரும்பு மாத்திரைகளை டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்குவதென்றால் சாப்பாட்டோடு மட்டுமே. இல்லையென்றால் டோலுடெக்ராவிர் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவை. அவற்றை முதலில் போட்டுவிட்டால் டோலுடெக்ராவிருக்கு ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

பெரிய தடுமாற்றம் வேறு இடத்தில். வெளியே சுகர் டாக்டரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல மாட்டார்கள், தயக்கம் புரிகிறது. ஆனால் டோலுடெக்ராவிர், ரத்தத்தில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்தின் அளவை ஏறக்குறைய 80 சதவீதம் கூட்டிவிடும். அதனால் அதோடு சேர்க்கும்போது மெட்ஃபார்மின் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். விஷயம் தெரியாதவர் 2000 எழுதிவிடுவார். பேதியும் குமட்டலும் வரும், பழி புதுச் சாப்பாட்டின் மேல் விழும், நோயாளி கஞ்சிக்கே திரும்பிவிடுவார். வெளியே சொல்ல முடியாதென்றால் சுகர் சீட்டை ஏஆர்டி மையத்து மருத்துவரிடமாவது காட்டிவிடுங்கள்.

மையத்துக்குப் போகும் நாளில் இன்னொரு கவனம். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்காக விடிகாலை பஸ் ஏறுபவர், பழக்கத்தில் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றால் சுகர் இறங்கிவிடும். ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பிட உட்காரும்போது அந்த மாத்திரை போதும். பையில் சாப்பாட்டு டப்பாவும் சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பார்க்க வேண்டும்.