ஜெஃபர்சன் திட்டிய புத்தகம்

நேற்று சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் அக்கா மகளோடு உட்கார்ந்திருந்தேன். சட்டம் படிக்கிறாள். மடிக்கணினியில் ஒரு சொல்லைத் தட்டி, வந்த பத்தியை மட்டும் படித்துவிட்டு, "தலை வலிக்குது மாமா" என்றாள்.

சரி, பழைய கதையைக் கேள் என்றேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சட்டம் பயில்கிறவர்கள் ஆங்கிலேய நீதிபதி எட்வர்ட் கோக் 1628இல் வெளியிட்ட உரைநூலோடு மல்லுக்கட்ட வேண்டும். நம் இலக்கண உரைகள் மாதிரிதான்: நில உரிமைச் சட்டம் பற்றி முன்பே லிட்டில்டன் என்ற நீதிபதி எழுதிய மூலம், அதைச் சுற்றிக் கோக்கின் உரை, ஓரத்தில் குறிப்புகள். மூலம் 'சட்டப் பிரெஞ்சில்', அதாவது ஆங்கிலேய வழக்கறிஞர்கள் கையாண்ட பழைய பிரெஞ்சில், நடுநடுவே லத்தீன். 1762இல், 19 வயதில், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், சட்டம் படிக்கும்போது நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் கோக்கை 'அறுவைக் கிழட்டு அயோக்கியன்' என்கிற அளவுக்குத் திட்டித் தீர்த்தார். (பின்னாளில் அவரே கோக்கைப் புகழ்ந்தது வேறு கதை.) 1765 முதல் 1769 வரை ஆங்கிலச் சட்டத்தைத் தெளிவாக விளக்கிய பிளாக்ஸ்டோனின் நான்கு தொகுதிகள் வந்த பிறகுதான் மாணவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய நோட்டுப் பழக்கம். படித்ததையெல்லாம் சுருக்கித் தங்கள் கையாலேயே எழுதி வைப்பார்கள். ஜெஃபர்சனின் சட்ட நோட்டு இன்றும் பத்திரமாக இருக்கிறது.

அவள் மடிக்கணினியை மூடினாள். "நோட்டு எங்க மாமா கிடைக்கும்?"

பக்கத்தில், புத்தகக் கடைகளும் எழுதுபொருள் கடைகளும் உள்ள பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்கு நடந்தோம். அப்புறம் நோட்டை விட்டுவிட்டுக் கலர் பேனாக்களாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.